எலினார் கிளின்னின் பெட்டிகள்: ரெடிங் நாட்குறிப்பு

புதன், இரவு

இந்த ஊரின் பெயரை எழுத்துக்கூட்டினால் ‘ரீடிங்’ என்று வரும். வாசிப்பு. ஆனால் இங்கே எல்லோரும் ‘ரெடிங்’ என்றுதான் சொல்கிறார்கள். ஹீத்ரோ விமான நிலையத்திலேயே பஸ் ஏறினால் நேராக இங்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. லண்டனுக்குள் போகவே வேண்டாம். சித்தி மகள் எட்டு வருடமாக இங்கே இருக்கிறாள். “லீவு போட்டு இவ்வளவு தூரம் வந்து, ஒரு ரூமுக்குள்ள போய் பழைய பேப்பர் பாக்கப் போறியாக்கா?” என்று சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்டாள். ஆமாம், அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

ரெடிங் பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்புகளில் எலினார் கிளின் என்ற பெண்மணியின் காகிதங்கள் இருக்கின்றன. நாவலாசிரியர். மௌனப்பட காலத்தில் ஹாலிவுட் போய்க் கதையும் திரைக்கதையும் எழுதியவர். ‘இட் கேர்ள்’ என்று சினிமாப் பத்திரிகைகளில் இன்றும் எழுதுகிறார்களே, அந்த ‘இட்’டை, அதாவது பார்க்கிறவர்களையெல்லாம் இழுக்கும் ஒரு தனிக் கவர்ச்சியை, உலகம் முழுக்கப் பரப்பியவர் இவர்தான்.

நான் 12 வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறேன். ராத்திரி ஒன்லைன் என்கிற கதைச் சுருக்கம் வரும், விடியற்காலைக்குள் சீன் பேப்பர் போயாக வேண்டும். ஒரு தொடரில் நாற்பது எபிசோடுகளுக்கு மேல் நான் எழுதியும் டைட்டிலில் வேறொருவர் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டேன். “அடுத்த ஷெட்யூல்ல மாத்திடலாம் மேடம்” என்றார்கள். தொடரே முடிந்துவிட்டது. அந்த நாட்களில் தூக்கம் வராமல் பழைய மௌனப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு படத்தில் எழுதியவரே எழுந்து வந்து திரைக்குள் நடமாடுவதைப் பார்த்தேன். 1927-ல் வந்த படம். யார் இந்த அம்மா என்று தேட ஆரம்பித்தது, இந்த ஊர் வரை கொண்டுவந்துவிட்டது.

நாளை காலை பத்து மணிக்குப் போக வேண்டும். எந்தெந்தப் பெட்டிகள் வேண்டும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். பென்சில் சீவி வைத்தாகிவிட்டது.

வியாழன்

காப்பகம் இருப்பது ரெட்லேண்ட்ஸ் சாலையில், ஆங்கில கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தின் வளாகத்தில். அதன் பழைய பகுதி 1880-களில் ஆல்ஃப்ரெட் வாட்டர்ஹவுஸ் என்ற கட்டிடக் கலைஞர் கட்டிய செங்கல் வீடு. கட்டச் சொன்னவர் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் குடும்பத்து பாமர். இந்த ஊரை உலகம் அறிந்ததே அந்த பிஸ்கட்டால்தான். அந்தத் தகர டப்பாக்கள் கப்பலேறாத தேசம் கிடையாது. அருங்காட்சியகம் முழுக்க ஏரும் கலப்பையும் குதிரை வண்டிகளும். ஒரு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைத் தொட்டுப் பார்க்கக் கை நீண்டது, அடக்கிக்கொண்டேன்.

வாசிப்பறையில் பேனா கூடாது. பை, கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் லாக்கரில். மேஜை மேல் ஸ்பாஞ்சுத் தாங்கிகள், சுருண்டுகொள்ளும் தாளை அமுக்கி வைக்கத் துணிக்குள் மணி நிரப்பித் தைத்த பாம்பு மாதிரி ஒரு எடை. சாம்பல் நிற அட்டைப் பெட்டி தள்ளுவண்டியில் வந்தது. “ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர், வரிசை மாறாமல்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பாளர் போனார்.

நான் எதை எதிர்பார்த்து வந்தேன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். புலித்தோல், காதல், வாசனைத் தாளில் எழுதிய கடிதம். எலினார் கிளின் என்றாலே இங்கிலாந்தில் நினைவுக்கு வருவது அதுதான். 1907-ல் ‘த்ரீ வீக்ஸ்’ என்று ஒரு நாவல் எழுதினார். வயதில் மூத்த ஒரு அரசி, ஓர் ஆங்கில இளைஞன், மூன்றே வாரக் காதல், ரோஜாக்கள், ஒரு புலித்தோல். ஊரே பரபரத்தது. பாஸ்டனில் தடை செய்தார்கள். ஈட்டன் பள்ளித் தலைமை ஆசிரியர் மாணவர்கள் தொடக்கூடாது என்றார். புலித்தோலையும் எலினாரையும் சேர்த்துக் கேலிப்பாட்டு கட்டி வாய்க்கு வாய் பாடினார்கள். அந்த நாவலால் அவருக்குப் பல வீட்டுக் கதவுகள் மூடின. ஆனால் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

பெட்டியைத் திறந்தால் வாசனையெல்லாம் இல்லை, பழைய தாளின் புளிப்பு வாடைதான். உள்ளே கணக்கு. ஒப்பந்தம். வக்கீல் கடிதம். கம்பெனிக் கடிதம். அதன் நகல். நகலுக்கு நகல்.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் மெல்லப் பிடிபட்டது. இந்தக் கட்டு ஒரு குடும்பக் கம்பெனியுடையது. 1924-ல் ‘எலினார் கிளின் லிமிடெட்’ என்று ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, எழுத்தின் உரிமைகளையெல்லாம் அதன் பெயரில் கொண்டுவந்தார்கள். நிர்வாகம் வீட்டு ஆட்கள், மகள்களும் மருமகன்களும். இவர் எழுதுவார், விற்பது வாங்குவது கம்பெனி. ஓர் எழுத்தாளர் தன் பெயரையே கம்பெனியாக்கிய காலம் அது என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இளைய மகள் ஜூலியட் பின்னாளில் ஜூலியட் ரைஸ்-வில்லியம்ஸ் என்று பொதுவாழ்வில் பெயர் பெற்றவர். எல்லாக் குடிமக்களுக்கும் அரசு அடிப்படைப் பணம் தரவேண்டும் என்று 1940-களிலேயே திட்டம் எழுதியவர். அம்மாவின் வரவுசெலவைப் பார்த்து வளர்ந்த பெண் அல்லவா என்று தோன்றியது. இது என் ஊகம்தான்.

நாவலுக்கு ஒரு உரிமை, பத்திரிகைத் தொடருக்கு ஒன்று, நாடகத்துக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று. அதிலும் அமெரிக்காவுக்குத் தனி, இங்கிலாந்துக்குத் தனி. எல்லாவற்றையும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு ‘மேடம் செக் வந்துடும்’ என்று காத்திருக்கிற எங்கள் தொழிலை நினைத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் ஜன்னல் பக்கம் வெளிச்சம் வந்தபோது ஒரு கார்பன் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள். தட்டச்சு செய்தவரின் கை அழுத்தமானது போலிருக்கிறது. வட்டமான எழுத்து வந்த இடத்திலெல்லாம் தாள் குத்துப்பட்டுப் பொத்தலாகியிருந்தது. தாளை மெல்லச் சாய்த்தபோது, அந்தப் பொத்தல்கள் வழியே ஜன்னல் வெளிச்சம் வரி வரியாக மினுங்கியது. மேல் மூலையில் குண்டூசி இருந்த இடத்தில் துருக்கறை, பழுப்பாக, ஒரு கடுகளவு. குண்டூசியைக் காப்பகத்தில் எடுத்திருப்பார்கள். கறையை எடுக்க முடியாது. யாரோ ஒரு செகரட்டரிப் பெண் அதைக் குத்தி வைத்திருப்பாள். ஏனோ அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

நான்கரை மணிக்கெல்லாம் மூட ஆயத்தமாகிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நல்ல மழை.

வெள்ளி

காகிதத்தில் இவ்வளவு ஜாக்கிரதை ஏன் என்பதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. நேற்று இரவு அதைத்தான் தங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1915-ல் வெஸ்டன் ஃபீச்சர் ஃபிலிம் என்ற கம்பெனி, ‘த்ரீ வீக்ஸ்’ நாவலை நையாண்டி செய்து ஒரு காமெடிப் படம் எடுத்தது. பிம்பிள் என்ற கோமாளிப் பாத்திரம் வைத்து ஓடிக்கொண்டிருந்த படவரிசையில் ஒன்று. என் கதையை எடுத்துக்கொண்டார்கள் என்று எலினார் வழக்குப் போட்டார். நீதிபதி யங்கர் தீர்ப்பு சொன்னார். நாவலின் உரிமை மீறப்படவில்லை என்றார். அதோடு விட்டிருக்கலாம். இந்த நாவலே ஒழுக்கக்கேடானது, இப்படிப்பட்ட எழுத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கொடுக்க நீதிமன்றம் கை நீட்டாது என்றும் சொன்னார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

அதாவது, லட்சக்கணக்கில் விற்ற புத்தகம் எழுதியவளுக்கு, உன் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதே வருடம் கணவர் கிளேட்டன் கிளின் இறந்துபோனார். பெரிய நிலச்சுவான்தார் என்று பெயர், விட்டுப்போனது கடன். அதற்கு முன்பே பல வருடங்களாக வீடு ஓடிக்கொண்டிருந்தது எலினாரின் பேனாவில்தான்.

எலினாரின் அப்பா, இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். பிறந்தது 1864-ல், ஜெர்சி தீவில். கனடாவில் பாட்டி வீட்டில் கொஞ்ச காலம். ராஜ குடும்பத்துக்கு நிகராக நடக்கவும் உட்காரவும் கற்றுக்கொடுத்த பாட்டி. அம்மா மறுமணம் செய்துகொண்டு ஜெர்சிக்குத் திரும்பினார். பிறகு மாற்றாந்தந்தையின் நூலகம்தான் பள்ளிக்கூடம். சிவப்பு முடி, பச்சைக் கண். அந்தக் காலத்தில் சிவப்பு முடி அழகில் சேர்த்தியில்லை. அக்கா லூசி உடை வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்று, டைட்டானிக்கில் போய் உயிர் தப்பி வந்தவர். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, ஹாலிவுட்டுக்கு வருகிறேன். 1920-ல் ஃபேமஸ் ப்ளேயர்ஸ்-லாஸ்கி கம்பெனி பிரபல எழுத்தாளர்களை வரிசையாகக் கூப்பிட்டது. சாமர்செட் மாம், கில்பர்ட் பார்க்கர் எல்லாம் போனார்கள். எலினாருக்குப் படத்துக்கு 10,000 டாலர், பயணச் செலவு தனி. வயது 56. கிளம்பிவிட்டார். அந்த வயதில் எங்கள் தொழிலில் ‘புது ஆளுங்களுக்கு வழி விடுங்க மேடம்’ என்பார்கள்.

போன எழுத்தாளர்களில் பலருக்கு அந்த இடம் ஒத்துவரவில்லை. ஸ்டூடியோக்காரர்களுக்கு வேண்டியது நம் பெயர்தானே தவிர, நம் யோசனை இல்லை என்று எலினாரே பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் வருத்தப்பட்டிருக்கிறார். ஆனால் மற்றவர்கள் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது இவர் ஹாலிவுட் ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டு தங்கிவிட்டார். தளத்தில் போய் உட்கார்ந்து கேமரா என்ன செய்யும் என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆங்கிலப் பிரபு வீட்டு வரவேற்பறை இப்படியா இருக்கும் என்று செட் போடுகிறவர்களோடு மல்லுக்கு நின்றார். நடிகர் நடிகைகளுக்கு நடை, உடை, பார்வை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பெண்ணின் கையைப் பிடித்து முத்தமிடும்போது புறங்கையில் வேண்டாம், உள்ளங்கையைத் திருப்பி அதில் முத்தமிடு என்று அந்தக் காலத்துக் காதல் நாயகன் வாலன்டினோவுக்குச் சொன்னது இவர்தான் என்பார்கள். வார்த்தை கேட்காத படத்தில் ஒரு கையைத் திருப்புவது எவ்வளவு பெரிய வசனம்! வசனம் எழுதிப் பிழைக்கிறவள் சொல்கிறேன், அந்த ஒரு அசைவுக்குப் பக்கத்தில் நாங்கள் எழுதும் அரைப் பக்கம் நிற்காது.

முதல் படம் ‘த கிரேட் மொமென்ட்’, 1921. கதாநாயகி குளோரியா ஸ்வான்சன். படம் தொலைந்துவிட்டது. ஆனால் அதே கதையை 1923-ல் நாவலாகவும் போட்டுவிட்டார், அதனால் கதை தப்பியது. ஒரே சரக்கைச் சினிமாவாக ஒருமுறை, புத்தகமாக ஒருமுறை. பெட்டியில் உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்த ஒப்பந்தங்களைப் பார்த்துவிட்டு இதை யோசித்தால் அர்த்தம் வேறு மாதிரி தெரிகிறது. ஸ்வான்சனும் வாலன்டினோவும் சேர்ந்து நடித்த ‘பியாண்ட் த ராக்ஸ்’ (1922) இவருடைய நாவல்தான். அந்தப் படமும் எண்பது வருடம் காணாமல் கிடந்தது. நெதர்லாந்தில் ஹார்லெம் ஊர்க்காரர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து ரீல் ரீலாகக் கண்டெடுத்து 2005-ல் திரும்பத் திரையிட்டார்கள்.

பிறகு 1924. எந்த நாவலை லண்டன் நீதிமன்றம் பாதுகாக்க மறுத்ததோ, அதே ‘த்ரீ வீக்ஸ்’ ஹாலிவுட்டில் பெரிய படமாக வந்தது, எலினாரின் சொந்தத் திரைக்கதையோடு. கோல்ட்வின் கம்பெனித் தயாரிப்பு. அதே வருடம் ‘ஹிஸ் அவர்’, இயக்கம் கிங் விடோர். அதே வருடம்தான் ‘எலினார் கிளின் லிமிடெட்’. இந்த மூன்றையும் ஒரே தாளில் பென்சிலால் எழுதி, கீழே 1915 என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

1927-ல் ‘இட்’. காஸ்மோபாலிட்டன் பத்திரிகையில் இவர் எழுதிய குறுநாவல் அது. பாரமவுன்ட் கொடுத்தது 50,000 டாலர். இதில் கவனிக்க வேண்டியது, படத்தின் கதை வேறு, இவர் எழுதிய கதை வேறு. திரைக்கதை எழுதியவர்கள் ஹோப் லோரிங்கும் லூயிஸ் லைட்டனும். ஹோப் லோரிங் என்பதும் ஒரு பெண்தான், அவர் காகிதங்களை யார் தேடிப் போகிறார்கள்? பாரமவுன்ட் எலினாரிடம் வாங்கியது இரண்டெழுத்துச் சொல் ஒன்று, அப்புறம் அவருடைய பெயர். ஏழு வருடம் முன்பு ‘எங்கள் பெயரைத்தான் கேட்கிறார்கள்’ என்று வருத்தப்பட்டவர், இப்போது அந்தப் பெயருக்குத் தானே விலை வைத்தார்.

இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. டைட்டிலில் வராமல் போன என் பெயருக்காக எத்தனை நாள் அழுதிருப்பேன். பெயர் என்பது மரியாதைக்காக மட்டும் கேட்பது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சோறு என்று இந்த அம்மாவின் கடுகளவு துருக்கறை பட்ட தாள்கள் சொல்கின்றன.

1929-ல் வருமான வரித் தொல்லையும் சேர்ந்துகொள்ள இங்கிலாந்து திரும்பினார். சொந்தப் பணத்தைப் போட்டு இரண்டு பேசும் படங்களை இயக்கினார். இரண்டும் கையைச் சுட்டன. அப்புறமும் எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

கடைசி ஃபோல்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது காப்பாளர், “நீங்கள் தேடியது கிடைத்ததா?” என்று கேட்டார். தேடி வந்தது இல்லை, ஆனால் கிடைத்தது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சனி

இன்று மாப்பிள்ளை கார் ஓட்ட, மான்டகியூட் போய் வந்தோம். சாமர்செட் பக்கம். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஏ303 சாலையில் போகும்போது வலது பக்கம் மேட்டில் திடீரென்று ஸ்டோன்ஹெஞ்ச் தெரிகிறது. கார்கள் எல்லாம் அங்கே தானாகவே மெதுவாகின்றன. தங்கை மகளுக்கு 12 வயது, ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். நாங்கள் நிறுத்தவில்லை.

மான்டகியூட் மாளிகை 1600 வாக்கில் கட்டி முடித்தது. பக்கத்து ஹாம் குன்றில் வெட்டிய கல். மஞ்சளும் தேனும் கலந்த நிறம், வெயில் பட்டால் சூடான அல்வா மாதிரி இருக்கிறது. இப்போது பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் வசம். மேல் மாடியில் 172 அடி நீளத்துக்கு ஒரே கூடம். மழை நாளில் சீமாட்டிகள் அதில்தான் உலாவினார்களாம். தங்கை மகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வேக நடை போட்டுப் பார்த்தாள். ஓடக்கூடாது என்று அங்கிருந்த தாத்தா அன்பாகச் சொன்னார்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் கர்சன். ஆமாம், நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற அதே கர்சன் பிரபு. 1899 முதல் 1905 வரை வைஸ்ராய். வங்கத்தைப் பிரித்தவர். அந்தக் கோபத்தில் கிளம்பிய சுதேசி அலைதான் 1906-ல் தூத்துக்குடி வரை வந்து வ.உ.சி.யைக் கப்பல் கம்பெனி தொடங்க வைத்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த மனிதர் இந்தக் கதைக்குள் வருவார் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

1908-ல் ‘த்ரீ வீக்ஸ்’ நாடகமாக நடந்தபோது எலினாரே அரசியாக நடித்தார். பார்க்க வந்த கர்சன், இந்தியாவில் தான் சுட்ட புலியின் தோலைப் பரிசாக அனுப்பினார். கர்சனின் மனைவி அப்போது உயிரோடு இல்லை. எலினாருக்குக் கணவர் இருந்தார், பெயரளவுக்கு. எட்டு வருடப் பழக்கம். நடுவில் ஒரு சம்பவம். கிளேட்டன் போய் கர்சனிடமே ஆயிரம் பவுண்டு கடன் வாங்கிவிட்டார். தெரிந்ததும் எலினார் கூசிப்போனார். உட்கார்ந்து, ராப்பகலாகச் சில வாரங்களில் ஒரு நாவலை எழுதி முடித்து, அந்தப் பணத்தைக் கொண்டு கடனை அடைத்தார். நாவலின் பெயர் ‘த ரீசன் வொய்’, 1911. காதலனிடம் கணவன் வாங்கிய கடனைத் தன் எழுத்தால் அடைத்தவர். நேற்றும் முந்தாநாளும் பார்த்த கணக்குக் காகிதங்களின் பின்னால் இந்தக் கூச்சமும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1915-ல் கர்சன் இந்த மான்டகியூட்டை வாடகைக்கு எடுத்தார். அலங்கரித்துத் தரும் வேலை எலினாருக்கு. குளிர்காலத்தில் இந்தக் கல்வீட்டில் மாதக்கணக்கில் தங்கி, திரைச்சீலை, மரச்சாமான், சுவர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தார். இதெல்லாம் தனக்கும் சேர்த்துத்தான் என்று நம்பியிருந்தார். 1916 டிசம்பரில் கர்சன் போர்க்கால அமைச்சரவையில் சேர்ந்தார். அந்த நாட்களிலேயே ஒரு காலை ‘டைம்ஸ்’ பத்திரிகையில் எலினார் ஒரு செய்தியைப் படித்தார். கர்சனுக்கும் கிரேஸ் டகன் என்ற அமெரிக்க விதவைக்கும் நிச்சயதார்த்தம். முன்கூட்டி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு வரிக் கடிதம் கிடையாது. ஊருக்கெல்லாம் தெரிந்தபோதுதான் இவருக்கும் தெரிந்தது. அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது.

கர்சனின் அறையைக் காட்டுகிறார்கள். மர அலமாரி மாதிரி ஒன்று. கதவைத் திறந்தால் உள்ளே குளியல் தொட்டி. பழைய மாளிகையின் அழகு கெடாமல் வெந்நீர்க் குளியலை மறைத்து வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்து வியக்கிறார்கள். “சூப்பரா இருக்குல்ல பெரியம்மா?” என்றாள் தங்கை மகள். இருந்தது. பலகையின் வழவழப்பும் கதவின் இணைப்பும் அத்தனை நேர்த்தி. இந்த வீட்டுக்காகக் குளிரில் நின்று வேலை பார்த்த ஒரு பெண், சாப்பாட்டு மேஜையிலோ படுக்கையிலோ பத்திரிகையைப் பிரித்த அந்தக் காலை மட்டும் எனக்கு மனசை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு எலினார் கர்சனுடன் பேசவேயில்லை. கர்சன் எழுதிய கடிதங்கள் ஏறக்குறைய 500 இருந்தன. எல்லாவற்றையும் எலினார் எரித்துவிட்டார்.

ஐந்நூறு கடிதங்கள் எவ்வளவு இருக்கும்? ரெடிங்கில் என் மேஜைக்கு வந்த பெட்டி அளவுக்கு மூன்று நான்காவது நிரம்பும். அவற்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். ஆய்வாளர்கள் அதற்காகவே வரிசையில் நின்றிருப்பார்கள். வைஸ்ராயாக இருந்தவர், அமைச்சர், அவருடைய காதல் கடிதங்கள். பணமுடை இல்லாத வருடமே கிடையாது இந்த அம்மாவுக்கு. எந்தப் பத்திரிகையும் கேட்ட விலை கொடுத்திருக்கும். ஒவ்வொரு கதையையும் மூன்று முறை விற்கத் தெரிந்தவர், இதை விற்கவில்லை. வைத்துக்கொள்ளவும் இல்லை. வியாழக்கிழமை பெட்டியைத் திறந்து காதல் கடிதம் எங்கே என்று தேடினேனே, அந்த இடத்தில் இருக்க வேண்டியதை அவரே காலி செய்துவிட்டார். அவர் விட்டுவைத்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது யாரும் அதிகம் பேசவில்லை. தோட்டத்து வேலிச் செடியை மேடு பள்ளமாக, மேகம் படுத்த மாதிரி வெட்டி வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஞாயிறு

காலையில் லண்டன் போய், கோல்டர்ஸ் கிரீன் மயானத்தைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வந்துவிட்டேன். எலினார் 1943 செப்டம்பரில் லண்டனில் இறந்தார், அங்கேதான் தகனம் செய்தார்கள். செங்கல் கட்டடம், அமைதியான தோட்டம். ரொம்ப நேரம் நிற்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் ‘இட்’ போட்டோம். தங்கை, மாப்பிள்ளை, பொண்ணு, நான். சத்தம் இல்லாத படமா என்று முதலில் முகத்தைச் சுளித்தவள், கதாநாயகி கிளாரா போ வந்த பத்தாவது நிமிடம் சோபாவை விட்டு இறங்கித் தரையில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கடையில் வேலை பார்க்கும் பெண். ரிட்ஸ் ஹோட்டலுக்குப் போக நல்ல உடை இல்லை. போட்டிருக்கிற உடுப்பிலேயே கத்திரியை வைத்து வெட்டி மாலை உடையாக்கிக்கொள்கிறாள். “ஐயோ, வெட்டிட்டா!” என்று கத்தினாள் பொண்ணு.

வசனம் எழுதிய டைட்டில் கார்டு திரையில் வரும்போதெல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். என் தொழில்தானே. படத்தில் ஒருவர் காஸ்மோபாலிட்டன் பத்திரிகையை எடுத்து எலினார் கிளின்னின் கதையைப் படிக்கிறார். பத்திரிகையும் தெரிகிறது, பெயரும் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் ரிட்ஸ் ஹோட்டல். கூட்டம், மேஜைகள். வாசல் பக்கம் எல்லோர் தலையும் திரும்புகிறது. எலினார் உள்ளே நடந்து வருகிறார்.

அறுபதைத் தாண்டியவர். நிமிர்ந்த முதுகு. கனடாவில் பாட்டி கற்றுக்கொடுத்த நடையாகத்தான் இருக்க வேண்டும். அவரிடம் போய், ‘இட்’ என்றால் என்ன என்று கேட்கிறார்கள். பதில் சொல்கிறார், கார்டு வருகிறது, நகர்ந்துவிடுகிறார். அவ்வளவு சின்னக் காட்சி.

“பெரியம்மா, நிறுத்துங்க. நீங்க பேப்பர் பாத்தது இவங்களோடதா?”

“இவங்களோடதுதான்.”

“இவங்க கதைக்குள்ள இவங்களே வந்துட்டாங்களா?”

“ஆமாண்டா. அதுக்கும் காசு வாங்கிட்டுதான் வந்தாங்க.”

அவள் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வாசலில் தலைகள் திரும்புகிற இடத்துக்குப் படத்தைப் பின்னால் ஓட்டினாள். எலினார் மறுபடி உள்ளே நடந்து வந்தார்.